கொட்டக் கொட்ட விழிக்கும் கண்கள்: இமை மூடாத இரவுகள் பற்றி ஓர் ஆய்வு

"கண்ணை மூடிக்கிட்டுப் படு, தூக்கம் தன்னால வரும்" என்பது நம் வீடுகளில் குழந்தைக்கும் சொல்லப்படும், பெரியவருக்கும் சொல்லப்படும் அறிவுரை. இது பலிக்காதவர்கள் மூன்று வகை. முதல் வகையினருக்கு இமைகள் முழுதாகச் சேர்வதே இல்லை. ஆழ்ந்த உறக்கத்திலும் ஒரு கீற்று திறந்தே கிடக்கும். இரண்டாம் வகையினருக்கு இமை நன்றாக மூடும். ஆனால் மூடியதும் உள்ளே மணல் விழுந்ததுபோல் உறுத்தும், எரியும், திறந்தால்தான் ஆறுதல். மூன்றாம் வகையினருக்கு இமையிலும் குறையில்லை, கண்ணிலும் குறையில்லை. மூடி வைத்த இமை படபடவென்று துடித்து, சிறிது நேரத்தில் தானாகத் திறந்துகொள்ளும். பிறகு விடியும்வரை கொட்டக் கொட்ட விழிப்பு. மூவரும் மருத்துவரிடம் சொல்வது ஒரே வாக்கியம்: "படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது, டாக்டர்."

இந்த ஒற்றை வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்காமல் விடும்போது, இரவில் காற்றுப்பட்டுக் காயும் கண்ணுக்குத் தூக்க மாத்திரையும், மனப் பதற்றத்துக்குக் கண் சொட்டு மருந்தும் போய்ச் சேர்கின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு, ஆபத்து வேறு, தீர்வு வேறு. அவற்றைத் தனித்தனியே எடுத்து, எது பற்றி மருத்துவ உலகம் உறுதியாகப் பேசுகிறது, எதில் சான்று மெலிந்திருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இமை எப்படி மூடுகிறது

மேலிமையைத் தூக்க ஒரு தசை, மூட ஒரு தசை. தூக்கும் தசையை மூன்றாம் மூளை நரம்பு இயக்குகிறது. அதற்குத் துணையாக மியூலர் தசை என்ற மெல்லிய தசை ஒன்று இருக்கிறது. அது பரிவு நரம்பு மண்டலத்துக்குக் கட்டுப்பட்டது. அச்சத்திலும் அதிர்ச்சியிலும் கண் அகல விரிவதில் அதற்கும் பங்குண்டு. மூடும் தசையோ கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கிறது. முக நரம்பு எனப்படும் ஏழாவது நரம்பு அதை இயக்குகிறது. நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 20 முறை இமைப்பது இந்த இரண்டு தசைகளும் மாறி மாறிச் செய்யும் வேலையால்தான்.

விழித்திருக்கும் வரை தூக்கும் தசைக்கு ஓய்வே கிடையாது. கடையின் இரும்பு ஷட்டரை ஒருவர் கையால் தாங்கிப் பிடித்திருப்பது போன்ற வேலை அது. கை தளர்ந்தால் ஷட்டர் தன் போக்கில் இறங்கிவிடும். உறக்கம் நெருங்கும்போது, தூக்கும் தசைக்கு மூளைத்தண்டு அனுப்பும் ஆணை குறைகிறது. கண் சொக்குகிறது. மூடும் தசையின் இயல்பான இழுவிசை இரண்டு இமைகளையும் சேர்த்து வைக்கிறது. இதில் நம் முயற்சி எதுவும் இல்லை.

விழிப்பு மிகுந்த நேரத்தில் கண்ணை வேண்டுமென்றே மூடிக் கிடப்பது வேறு கதை. அப்போது தூக்கும் தசை முழுதாக அடங்கியிருக்காது. மூடும் தசை அதோடு மல்லுக்கட்ட வேண்டும். மென்மையாக மூடினால் இமைக்குள் இருக்கும் பகுதி மட்டும் சுருங்கும். இறுக்கி மூடினால் புருவத்துக்கும் கன்னத்துக்கும் பரவியிருக்கும் வெளிப்பகுதியும் சேர்ந்து சுருங்கும். வெகுநேரம் அப்படி வைத்திருந்தால் தசை களைத்து நடுங்கத் தொடங்கும். தூக்கம் வராதவர்கள் சொல்லும் 'இமை படபடப்பு' பெரும்பாலும் இந்த நடுக்கமே.

இன்னொரு பாதுகாப்பும் நமக்கு இருக்கிறது. இமையை மூடும்போது விழி சற்று மேல்நோக்கி உருளும். ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் 1820களில் இதை விவரித்ததால் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. இமை சரியாக மூடாதவருக்குக்கூட, இந்த உருளலால் கருவிழி மேலிமைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த உருளல் சரியாக இருப்பதில்லை. இருப்பவர்களுக்கும் உறக்கம் முழுவதும் விழி மேலேயே நிற்பதில்லை. இமை சேராத இரவுகளில் கருவிழியின் கீழ்ப்பாகம் முதலில் காய்ந்து புண்ணாவதற்குக் காரணம் இதுதான்.

மூடியதால் தூக்கமா, தூங்கியதால் மூடலா

கண்ணை மூடினால்தான் தூக்கம் வரும் என்ற நம்பிக்கையை அசைத்துப் பார்த்த சோதனை ஒன்று 1960இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. நடத்தியவர் உறக்க ஆய்வாளர் இயன் ஆஸ்வால்ட். தன்னார்வலர்கள் மல்லாந்து படுத்திருந்தார்கள். மூட முடியாதபடி அவர்களுடைய இமைகள் திறந்து ஒட்டப்பட்டிருந்தன. முகத்துக்கு நேரே பளிச்சிட்டு அணையும் விளக்குகள், உரத்த இசை, காலில் தாளம் தவறாமல் பாயும் சிறு மின் அதிர்ச்சி. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் தூங்கிப்போனார்கள். மூளையின் மின்னலைப் பதிவு அதைக் காட்டியது. இதிலுள்ள சூட்சுமம் தாளம். ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும் எதையும், அது எவ்வளவு பலமாக இருந்தாலும், மூளை ஒரு கட்டத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது.

1965இல் ஆலன் ரெக்ட்ஷாஃபனும் டேவிட் ஃபோக்ஸும் அமெரிக்காவில் வேறொரு கோணத்தில் சோதித்தார்கள். இமைகளை நாடாவால் திறந்து ஒட்டிய நிலையில் ஆட்களைத் தூங்கவைத்து, கனவுறக்கத்தின்போது கண்ணெதிரே பொருள்களைக் காட்டி, எழுப்பி, என்ன கனவு என்று கேட்டார்கள். காட்டிய பொருள்கள் கனவுக்குள் வரவில்லை. திறந்த கண் திறந்தபடியே இருக்க, பார்க்கும் வேலையை மூளை நிறுத்தியிருந்தது.

கண்ணை மூடுவதால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து 1929இல் வெளியிட்ட ஜெர்மானிய மருத்துவர் ஹன்ஸ் பெர்கர், கண்ணை மூடியதும் நொடிக்குப் பத்து என்ற அளவில் ஓர் அலை எழுவதையும், திறந்ததும் அது அடங்குவதையும் கண்டார். ஆல்ஃபா அலை என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். ஆனால் ஆல்ஃபா என்பது அமைதியான விழிப்பின் அலை. தூக்கம் தொடங்கும்போது அந்த அலையே சிதறி மறைகிறது. விழிகள் இமைக்குள் மெதுவாகப் பக்கவாட்டில் உருளத் தொடங்குகின்றன. ஆகவே மூடிய கண் ஓய்வைத் தரும். தூக்கத்தைத் தரும் என்று உத்தரவாதம் கிடையாது.

முடிவாகச் சொல்வதானால், இமை மூடுவது கண்ணின் மேற்பரப்பைக் காக்க அவசியம், தூங்குவதற்கு அவசியமில்லை. கீழே வருபவை எல்லாம் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கின்றன.

சேராத இமைகள்

உறக்கத்தில் இமைகள் முழுதாகச் சேராமல் இருப்பதற்கு மருத்துவத்தில் இரவு நேர லேகாஃப்தால்மோஸ் என்று பெயர். எந்த நோயும் இல்லாதவர்களிலும் இது உண்டு. கண் மருத்துவர் அடல்பர்ட் ஃபுக்ஸும் அவருடைய சீன சகாவும் 1948இல் இதுபற்றி வெளியிட்ட ஆய்விலிருந்து, இருபதில் ஒருவர் அளவுக்கு இப்படித் தூங்குகிறார்கள் என்ற கணக்கு இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. சில குடும்பங்களில் தலைமுறையாகத் தொடர்கிறது. குழந்தைகளில் இன்னும் சகஜம். தொட்டிலில் பாதிக் கண் திறந்து தூங்கும் பிள்ளையைப் பார்த்துப் பயப்படும் தாய்மார்கள், கண் சிவக்காமலும் பீளை கட்டாமலும் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை; வளர வளரப் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கீற்று பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ராபர்ட் லட்கானி முதலான கண் மருத்துவர்கள் 2006இல் இந்த நிலையை வகைப்படுத்தியபோது, வெளிப்படையாகத் தெரியும் இடைவெளியோடு, அடர்ந்த இமைமுடி மறைத்துவிடும் இடைவெளியையும், மேலிமை கீழிமைக்கு முன்னால் தொங்கி மறைத்துவிடும் இடைவெளியையும் தனி வகைகளாகச் சேர்த்தார்கள். பார்ப்பதற்கு மூடியிருப்பதுபோலத் தோன்றும். உள்ளே காற்று புகுந்துகொண்டிருக்கும்.

அறுவை அரங்கில் இது அன்றாடக் காட்சி. பொது மயக்க மருந்தின் கீழ்ப் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இமைகள் தாமாக முழுதும் சேர்வதில்லை. மயக்கம் கொடுத்த உடனே கண்ணை நாடாவால் ஒட்டுவது அதனால்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் மயக்கத்தில் வைக்கப்படும் நோயாளிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அங்கே கண்மீது பாலித்தீன் உறையிட்டு ஈரத்தைச் சிறைப்படுத்தும் எளிய முறை, களிம்பு மட்டும் போடுவதைவிட நன்றாகக் காப்பதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

நோயால் வருவதில் முதலிடம் முகவாதத்துக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 20 முதல் 30 பேருக்கு இது வருகிறது. காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகும். கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண் மூடாது. பஸ் ஜன்னலோரக் காற்று அடித்துவிட்டது என்பார்கள். முக நரம்பு வீங்கி நசுங்குவதே உடனடிக் காரணம்; அந்த வீக்கத்துக்குப் பின்னால் உறங்கிக் கிடந்த ஹெர்பீஸ் வைரஸ் விழித்தெழுவதாகப் பலர் கருதுகிறார்கள். 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் தொடங்குவது முக்கியம். 2007இல் ஸ்காட்லாந்திலிருந்து வெளியான பெரிய சோதனையில், அந்த மருந்து எடுத்தவர்களில் ஒன்பது மாதத்தில் 94 விழுக்காட்டினரும், எடுக்காதவர்களில் 82 விழுக்காட்டினரும் முழுக் குணம் கண்டார்கள். நரம்பு மீளும்வரையிலான வாரங்களில் கண்ணைக் காப்பாற்றுவதுதான் மிச்ச வேலை. வாய் கோணியதைப் பார்த்துப் பதறும் வீட்டார் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தைராய்டு மிகைச் சுரப்பில் இமை மேலேறி விழி முன்தள்ளும், மூடினாலும் எட்டாது. அழகுக்காக இமைத்தோலை அளவுக்கு மேல் வெட்டி நீக்கிய அறுவைக்குப் பின்னும் இதே நிலை வரலாம். உடல் பருத்து, குறட்டையோடு மூச்சுத் திணறித் தூங்குபவர்களில் சிலருக்கு மேலிமை ரப்பர்போலத் தளர்ந்து, புரண்டு படுக்கும்போது தலையணையில் பட்டு மடங்கிக்கொள்ளும். 1981இல்தான் இது தனி நோயாக விவரிக்கப்பட்டது. அவர்களுக்கு மூச்சுக்கருவி பொருத்தினால், முகமூடியின் விளிம்பில் கசியும் காற்று நேரே கண்ணில் அடிக்கும் என்பது கூடுதல் தொல்லை.

கரிகிரியில் மெல்லக் கற்ற இமை

இந்தியச் சூழலில் இமை மூடாமையைப் பற்றிப் பேசும் எவரும் தொழுநோயைத் தாண்டிப் போக முடியாது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருக்கிறார்கள். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த, தோலுக்கு அருகிலுள்ள நரம்புகளைத் தேடிப் போகும். கன்ன எலும்பின்மேல் ஓடும் முக நரம்பின் கிளை அப்படிப்பட்ட ஒன்று. அது செத்தால் இமை மூடாது. அதோடு கருவிழியின் உணர்வு நரம்பும் கெட்டால் கண் காய்வதே தெரியாது, தூசி விழுந்தது தெரியாது, இமைக்கத் தோன்றாது. வலிக்காமலே கண் குருடாகும்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் கை கால் மறுசீரமைப்புக்குப் பெயர் பெற்றவர். அவருடைய மனைவி மார்கரெட் பிராண்டு வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் இந்தக் கண்களுக்காகவே உழைத்தார். அந்தக் காலத்தில் பரவலாக வந்த அறுவை முறை ஒன்று பார்க்கப் பார்க்க வியப்பானது. நெற்றிப்பொட்டில் கை வைத்துப் பல்லைக் கடித்தால் உள்ளே ஒரு தசை புடைப்பது தெரியும். மெல்லுவதற்கான அந்தத் தசையை ஐந்தாவது நரம்பின் இயக்கக் கிளை ஆள்கிறது. தொழுநோய் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அந்தத் தசையிலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து, இரண்டு கிளையாக்கி, மேலிமை கீழிமை வழியே இழுத்து, மூக்கோரக் கண்முனையில் தைத்துவிடுவார்கள். கில்லிஸ் என்ற லண்டன் அறுவை மருத்துவர் வகுத்த வழி அது. ஆறிய பிறகு, நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும்.

அதன் பிறகுதான் பாடம் தொடங்கும். மற்றவர்களுக்கு நினைக்காமலே நடக்கும் இமைப்பை அவர்கள் நினைத்து நினைத்துச் செய்யப் பழக வேண்டும். குறித்த இடைவெளியில் பல்லைக் கடிப்பதை வழக்கமாக்க வேண்டும். சாப்பிடும்போது இமை தானாக மூடித் திறக்கும். உறங்கும்போது யாரும் மெல்லுவதில்லை என்பதால், அறுவைக்குப் பின்னும் இரவில் களிம்பு தேவைப்படலாம். இமை மூடுவதில் எவ்வளவு பங்கு நம் விருப்பத்தைச் சாராதது என்பதை இந்த மனிதர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

மூடி வைக்கும் வழிகள்

இமை சேராதவர்களுக்கான சிகிச்சை படிப்படியானது. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு; படுக்கும்போது கெட்டியான ஜெல் அல்லது களிம்பு. களிம்பு பார்வையை மங்கச் செய்யும். ஆகவே விளக்கை அணைத்தபின் போடுவதே உத்தமம். அடுத்தது, கண்ணைச் சுற்றி ஈரத்தைத் தேக்கும் கண்ணாடி உறை. அதற்கும் அடுத்தது, தோலுக்கு உறுத்தாத மெடிக்கல் டேப். ஒட்டும் முறையில் கவனம் வேண்டும்: முதலில் களிம்பு, பிறகு இமையை விரலால் முழுதாக இறக்கி மூடல், அதன்பின் டேப். மூடாத கண்ணின்மேல் பஞ்சையோ துணியையோ வைத்துக் கட்டுவது ஆபத்து. அது கருவிழியில் உரசிக் காயப்படுத்தும்.

நரம்பு திரும்பாதவர்களுக்கு மேலிமைக்குள் சுமார் ஒரு கிராம் எடையுள்ள தங்கத் தகட்டைத் தைப்பதுண்டு. தங்கம் உடலோடு ஒத்துப்போகும், கனமானது. தூக்கும் தசை தளரும்போது தகட்டின் கனம் இமையைக் கீழே இறக்கும். உட்கார்ந்திருக்கும்போதும் நிற்கும்போதும் இது அருமையாக வேலை செய்யும். மல்லாந்து படுத்தாலோ புவியீர்ப்பின் திசை மாறிவிடும். தகடு இமையை மூடுவதற்குப் பதில் பின்னுக்கு இழுக்கப் பார்க்கும். தங்கம் வைத்தவர்கள் தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும், இரவுக் களிம்பைத் தொடர வேண்டும் என்று சொல்லப்படுவது இதற்காகத்தான். மிகக் கடுமையான நிலையில் இமைகளின் வெளியோரத்தை ஒன்றோடொன்று தைத்து, திறப்பைச் சிறிதாக்குவார்கள்.

மூடினால் எரியும் கண்

இரண்டாம் வகைக்கு வருவோம். கண்ணின்மேல் படர்ந்திருக்கும் நீர்ப்படலம் வெறும் தண்ணீர் அல்ல. விழியை ஒட்டிச் சளிப்பூச்சு, அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே ஆவியாகாமல் தடுக்கும் எண்ணெய்ப் படலம். அந்த எண்ணெய் இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் 1666இல் விவரித்தவை. அவை அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், இமையின் உட்புறம் காய்ந்த கண்ணில் உரசும். உறக்கத்தில் கண்ணீர்ச் சுரப்பு இயல்பாகவே குறையும் என்பதால், பகலில் சமாளித்த கண் இரவில் தோற்கிறது.

நம் வீடுகளில் இதை வளர்க்கும் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. முகத்துக்கு நேர் மேலே முழு வேகத்தில் சுழலும் சீலிங் ஃபேன், இரவெல்லாம் ஓடும் ஏசி, கட்டிலடியில் புகையும் கொசுவர்த்திச் சுருள், படுக்கும்வரை செல்போன். திரையைப் பார்க்கும்போது இமைப்பு வெகுவாகக் குறைகிறது. இமைத்தாலும் பாதிதான் மூடுகிறது. சளிக்குப் போடும் அலர்ஜி மாத்திரைகள், முகப்பருவுக்கான சில மருந்துகள், மனச்சோர்வு மருந்துகள் சில ஆகியவையும் கண்ணை வறட்டும். கான்டாக்ட் லென்ஸோடு தூங்குவது வறட்சியோடு நிற்பதில்லை. கருவிழியில் கிருமித்தொற்று வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது. இமைமுடி வேர்களில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி பெருகினால் இமையோரம் அரிக்கும். வேரைச் சுற்றிப் பொடுகுபோல் படியும்.

கண் எரிந்தால் 'உடம்புச் சூடு' என்று முடிவுகட்டி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், கண்ணில் விளக்கெண்ணெய் விடுவதும் நம் வழக்கம். தலைக்குக் குளிப்பதில் கெடுதல் இல்லை. கடை எண்ணெயைக் கண்ணுக்குள் விடுவது வேறு. கிருமி நீக்கப்படாத எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. இமைக்கு ஏற்றது வெளியிலிருந்து வெதுவெதுப்பான ஒற்றடம், பிறகு இமையோரத்தைச் சுத்தமாகத் துடைத்தல். படுக்கும் முன் கண்மையைக் கழுவிவிடுவதும் இதில் சேரும். ஃபேனைக் கால்பக்கம் வரும்படி கட்டிலைத் திருப்பிப் போடுவது, சொட்டு மருந்துக்கு முன்பே செய்து பார்க்க வேண்டிய செலவில்லாச் சிகிச்சை.

ஒன்றை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். நள்ளிரவிலோ காலையிலோ கண்ணைத் திறக்கும் கணத்தில் ஊசி குத்துவதுபோல் சுரீரென்று வலித்தால், அது வெறும் வறட்சி இல்லாமல் இருக்கலாம். முன்பு நகமோ இலையோ கீறிய இடத்தில் கருவிழியின் மேல்தோல் சரியாக ஒட்டாமல், இமையோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவருவதுண்டு. அதற்குக் கண் மருத்துவரின் சிகிச்சை வேண்டும்.

விழித்திருக்கும் மூளை

மூன்றாம் வகையினர்தான் எண்ணிக்கையில் மிகப் பெரிய கூட்டம். இவர்களுக்கு இமை மூடாததற்குக் காரணம், தூக்கும் தசைக்கு மூளைத்தண்டு இன்னும் ஆணை அனுப்பிக்கொண்டிருப்பது. ஏன் அனுப்புகிறது? தூக்க அழுத்தம் போதவில்லை, அல்லது விழிப்பு விசை அதிகமாக இருக்கிறது, அல்லது இரண்டும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது சேரச் சேரத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, சீரியல் முடிந்ததும் ஒன்பது மணிக்கே படுக்கும் பெரியவருக்கு அந்தச் சேமிப்பு போதாது. காபியிலுள்ள கஃபீன் அடினோசின் உட்காரும் இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. சராசரி உடலில் அது பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி டிகிரி காபியின் பாதி இரவு பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கிறது. மூக்கடைப்பு மாத்திரைகளும், ஸ்டீராய்டுகளும், சில ஆஸ்துமா மருந்துகளும் இதேபோல் விழிப்பைத் தூண்டும். நோயும் காரணமாகலாம். மெல்ல மூடிய இமையில் நுண்ணிய நடுக்கம் தெரிவதை ரோசன்பாக் குறி என்பார்கள். தைராய்டு மிகைச் சுரப்பின் பழைய அடையாளங்களில் ஒன்று. இமை நடுக்கத்தோடு எடை குறைதலும் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்திருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம். பகலில் கீழிமை தானாகத் துடிப்பது வேறு விஷயம். எந்தக் கண் துடித்தால் நல்லது, எது துடித்தால் கெட்டது என்று சகுனம் பார்ப்போம். அது அசதியும் காபியும் செய்யும் வேலை, சில நாளில் அடங்கிவிடும்.

விபத்தையோ வன்முறையையோ கண்டவர்களில் சிலருக்குக் கண்ணை மூடுவதே பயம். மூடினால் அந்தக் காட்சி வருகிறது. அவர்களிடம் காபியைக் குறையுங்கள் என்பது வீண் பேச்சு. அந்த அதிர்ச்சிக்கே மனநல சிகிச்சை வேண்டும்.

இவை எதுவும் இல்லாத சாதாரண மனிதர் ஏன் மாதக்கணக்கில் கண்ணை மூட முடியாமல் தவிக்கிறார்? உறக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் முன்வைத்த விளக்கம் இன்றும் செல்லுபடியாகிறது: தொடங்கிவைத்த காரணம் போய்விட்டாலும், அப்போது கைக்கொண்ட பழக்கங்கள் தூக்கமின்மையைத் தாங்கிப் பிடிக்கின்றன. பரீட்சைப் பயமோ கடன் தொல்லையோ தீர்ந்துவிடும். இரவு முழுவதும் படுக்கையில் கிடந்து, மணி பார்த்து, தூங்கியே தீர வேண்டும் என்று போராடும் வழக்கம் தங்கிவிடும். பிரிட்டனின் காலின் எஸ்பி 2006இல் இதையே இன்னும் கூர்மையாக்கினார்: தானாக நடக்கும் செயல்மீது கவனம் விழுந்து, எண்ணம் பிறந்து, முயற்சி தொடங்கும்போது அந்தச் செயல் கெடுகிறது. இமையை இறுக்குவது இந்த முயற்சியின் கண்ணுக்குத் தெரியும் வடிவம்.

போராட்டத்தைக் கைவிடும் சிகிச்சை

தூக்க மாத்திரை அவசரத்துக்கு உதவும். நீண்ட நாளைக்கு அல்ல. அல்பிரஸோலம் போன்றவை பழகிப்போகும். முதியவர்கள் இரவில் தடுக்கி விழுவதைக் கூட்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. அதன் முதுகெலும்பு இரண்டு விதிகள். 1972இல் உளவியலாளர் ரிச்சர்டு பூட்சின் சொன்னது: தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் படு, கொஞ்ச நேரத்தில் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார், சொக்கும்போது திரும்பி வா, எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழு. ஸ்பீல்மன் சொன்னது: ஆறு மணி நேரம்தான் தூங்குகிறாய் என்றால் ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடக்காதே, படுக்கை நேரத்தைச் சுருக்கு, தூக்கம் கெட்டியானபின் மெதுவாகக் கூட்டு. முதல் சில வாரம் பகலில் அசதி கூடும். வலிப்பு நோயுள்ளவர்களும் இரவில் வண்டி ஓட்டுபவர்களும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

இன்னொரு வழி விந்தையானது. வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் வகுத்த முரண்நோக்கு முறையில், நோயாளி இருட்டில் வசதியாகப் படுத்துக் கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். செல்போன் கூடாது, அசையக் கூடாது. 'இன்னும் கொஞ்ச நேரம் முழிச்சிருப்போம்' என்று மட்டும் நினைக்க வேண்டும். தூங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் விலகியதும் இமை தானாகச் சரியும். கண் மூடவில்லை என்று வருந்துபவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை என்று தோன்றும். ஆனாலும் 2021இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் சான்றுகளை எடைபோட்டபோது, இதைத் தனிச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கச் சான்று போதவில்லை என்றே முடிவு செய்தது. அதே வழிகாட்டி, பத்திரிகைகள் பட்டியலிடும் 'நல்ல தூக்கப் பழக்கங்கள்' மட்டுமே சிகிச்சையாகாது என்றும் சொன்னது. வெதுவெதுப்பான பாலும் இருட்டறையும் நல்லவைதான். நாள்பட்ட நோய்க்கு அவை மட்டும் போதாது.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட தசைத் தளர்வுப் பயிற்சியில் கண்ணுக்குத் தனி இடம் உண்டு. இமைகளைச் சில நொடி இறுக்கி, பிறகு முழுதாக விட்டு, விட்டதால் வரும் தளர்வைக் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் இறுக்கிக் கிடப்பவர் தன் இறுக்கத்தை முதன்முதலாக உணர்வது இதில்தான். வெளிச்சம் உறுத்துகிறவர்கள் மென்மையான துணிக் கண்மூடி அணியலாம். மூடிய இமையும் சிறிதளவு ஒளியை, முக்கியமாகச் சிவப்பை, உள்ளே விடும்.

யாரிடம் போவது

வீட்டிலேயே தரம் பிரிக்கலாம். தூங்கும்போது இமையோரத்தில் வெள்ளை தெரிகிறதா என்று கூடப் படுப்பவர் ஒரு முறை பார்க்கட்டும். தனியாக இருப்பவர் இமையை மென்மையாக மூடிச் செல்போனில் ஒரு வீடியோ எடுக்கலாம். மென்மையாக மூடும்போதே கீற்று தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. இமைமுடி மறைக்கும் இடைவெளியைக் கண் மருத்துவர்தான் சொல்ல முடியும். மூடிய இமைமேல் சிறு விளக்கை வைத்து, விளிம்பில் ஒளி கசிகிறதா என்று இருட்டறையில் பார்ப்பார். காலையில் எழுந்ததும்தான் எரிச்சல் அதிகம், நேரம் ஆக ஆகக் குறைகிறது என்றால் இரவில் கண் காய்கிறது என்று பொருள். மாலையில் எரிச்சல் அதிகம் என்றால் திரையையும் வறட்சியையும் சந்தேகிக்கலாம். காலையில் கண் தெளிவாக இருந்து, மனம் மட்டும் களைத்திருந்தால் குற்றவாளி கண் அல்ல. வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீண்டால் அது நாள்பட்ட தூக்கமின்மை.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. திடீரென்று ஒரு பக்க முகம் தொங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவாதமா முகவாதமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். கண் வலியோடு பார்வை மங்குவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, வெளிச்சம் பார்க்க முடியாத சிவப்பு, முகத்தில் உணர்வற்ற தேமலோடு இமை தளர்வது ஆகியவையும் அப்படியே.

இவ்வளவையும் பார்த்தபின் ஒரு குறை துலங்குகிறது. நம் கண் மருத்துவமனைகளில் பார்வையை அளக்கிறார்கள், அழுத்தத்தை அளக்கிறார்கள். இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்பது அரிது. தூக்கமின்மைக்குப் போனால் மனக்கவலையைக் கேட்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். காலையில் கண் எரிகிறதா என்று கேட்பது அரிது. ஒரே புகார் இரண்டு துறைக்கு நடுவில் விழுந்துவிடுகிறது. கண் மருத்துவர் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும், தூக்கத்துக்கு மருந்து எழுதுபவர் இமையைப் பற்றி ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்வதற்குக் கருவி வேண்டாம், கூடுதல் கட்டணமும் வேண்டாம். அவர்கள் கேட்காவிட்டால் நோயாளியே சொல்லலாம்: கண் மூடவில்லை என்று மட்டும் சொல்லாமல், சேரவில்லையா, சேர்ந்தால் எரிகிறதா, சேர்த்தும் நிற்கவில்லையா என்று பிரித்துச் சொன்னால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.